பாதம் பார்க்கப் போகும் மகனுக்கு

சாமி நவீன்,

இந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். கடைசிப் படத்தை முதலில் திறக்கிற உன் புத்தி எனக்குத் தெரியும். திறக்காதே. அதில் ஒரு சேதி வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்துவிட்டு அங்கே வந்து சேர். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இன்று காலையிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை எடுத்தால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அழுதுவிடுவேன். அதுவுமில்லாமல், நான் பேச ஆரம்பித்தால் நீ "செரிங்கம்மா, அப்பறம் கூப்புடறேனுங்க" என்று வைத்துவிடுவாய். எழுதினால் அப்படி வைக்க முடியாதல்லவா? மாவு வாங்க வந்த இரண்டு பேரைச் சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, கிரைண்டரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எருமப்பட்டியில் இன்றைக்குப் பாதி வீட்டில் இட்லி கிடையாது. அதற்கு நீதான் பொறுப்பு.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நீ பாதம் பார்க்கப் போகும் அறைக்கு ரிப்பன் கட்டியாகிவிட்டது. போன வாரம் அந்த அறையைப் பார்க்க வந்தபோது அந்தப் பெரிய நாற்காலியில் என்னை உட்கார வைத்துப் பொத்தானை அழுத்தினாயே, நான் பாட்டுக்கு மேலே போக, என் கால் உன் மூக்குக்கு நேரே வந்து நிற்க, "ஐயோ, எறக்கு சாமி, ஆராச்சும் பாத்தாச் சிரிப்பாங்க" என்று கத்தினேன். நீ கையுறையை மாட்டிக்கொண்டு, விளக்கை இழுத்து வைத்து, என் குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த வெடிப்புல டவுன் பஸ் போலாங்கம்மா" என்றாய். அடி வாங்கியிருப்பாய், கால் உன் கையில் இருந்ததால் தப்பித்தாய். ஆனால் ஒன்று சொல்கிறேன். எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் பாதத்தை ஒருவர் உட்கார்ந்து, அவசரமில்லாமல், விரல் விரலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். கூச்சமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. உன்னிடம் வருகிற பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். முதலில் புடவையை இழுத்து இழுத்துக் காலை மூடுவார்கள். "ஒண்ணுமில்லீங்க, சும்மாதான்" என்பார்கள். அவசரப்படாதே. மழையைப் பற்றி, மகள் வீட்டைப் பற்றி ஏதாவது கேட்டுக்கொண்டிரு. கால் தானாக வெளியே வரும்.

உன் பெரியம்மா போன் செய்தார். நாமக்கல்லில் யாரோ சொன்னார்களாம். "என்ன அம்மிணி, ஊரார் காலப் புடிக்கறதுக்கா பையன் இத்தன படிப்புப் படிச்சான்?" என்று இழுத்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது. "ஆமாங்கக்கா, அதுக்குத்தான் படிச்சான். நீங்களும் வாங்க, உங்க காலையும் பாப்பான்" என்றேன். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "நெசமாலுமா? எனக்கு இந்தச் சுண்டு வெரலுக்குக் கீழ ஒரு ஆணி, மிதிக்க முடியல அம்மிணி. ஞாயித்துக்கெழம இருப்பானா?" எப்படி இருக்கிறது கதை! கேலி பேசுகிற வாயெல்லாம் செருப்புக்குள் ஒரு வலியை ஒளித்து வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். கேலி பேசியதை மனதில் வைத்துக்கொண்டு கூடக் கொஞ்சம் சுரண்டிவிடாதே.

மாவு வாங்க வருகிறவர்கள் என்னை இப்போது "டாக்டரம்மா" என்கிறார்கள். நீ என்னவோ, "டாக்டர்னு சொல்லாதீங்கம்மா, பாதப் பராமரிப்பு நிபுணர்னு சொல்லுங்க" என்கிறாய். கரண்டியில் மாவு வழிந்துகொண்டிருக்கும்போது அவ்வளவு நீளத்துக்கு யாரால் சொல்ல முடியும்? "காலுக்குப் பாக்கறானுங்க" என்கிறேன். புரிந்துகொள்கிறார்கள். அப்புறம் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்கிறார்கள். நீ பிசியோதெரபி படித்து முடித்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாயே, அதையே அவர்களிடமும் சொல்கிறேன். "காலு எடுத்ததுக்கு அப்பறம் நடக்கப் பழக்கி உடறனுங்கம்மா. நல்ல வேலதானுங்க. ஆனா வர்றவங்கள்ல பாதிப் பேரு, ஒரு சின்னக் கொப்புளத்துலதான் ஆரம்பிச்சுதுங்கறாங்க. அந்தக் கொப்புளத்தன்னிக்கே பாத்திருந்தா?" அன்றைக்கு நீ சோற்றைச் சாப்பிடவே இல்லை. அடுத்த வருடம் சென்னைக்குப் போய் இந்தப் படிப்பில் சேர்ந்தாய். இதைச் சொன்னால் மாவு வாங்க வந்தவர்கள் நின்றுகொண்டே தங்கள் காலைக் குனிந்து பார்க்கிறார்கள். எனக்கு அப்போது வரும் பெருமையை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை.

உன் வாசல் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. "செருப்பைக் கழற்ற வேண்டாம், அப்படியே உள்ளே வரவும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாய். மரத்துப்போன பாதத்தோடு வருகிறவர் வெறுங்காலில் ஓர் அடிகூட வைக்கக் கூடாது, அவர் போட்டிருக்கும் செருப்பு எங்கே தேய்ந்திருக்கிறது என்றும் நீ பார்க்க வேண்டும், அதெல்லாம் சரி. ஆனால் உள்ளே சாமி படத்தை மாட்டி, ஊதுபத்தியும் ஏற்றி வைத்துவிட்டால் நம் ஆட்கள் எவர் செருப்போடு வருவார்கள்? அன்றைக்குக் குழாய் மாட்ட வந்தவர் என்ன செய்தார்? பலகையை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார், "செரிங்க" என்றார், செருப்பைக் கழற்றிப் பலகைக்கு அடியிலேயே ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார். நீ தலையில் கை வைத்தாய். நான் சிரித்துச் சிரித்து அந்த நாற்காலியிலிருந்து விழப் பார்த்தேன். பலகையைப் பெரிதாக்கிப் பிரயோஜனமில்லை, சாமி. உள்ளே மட்டும் போட்டுக்கொள்ள மெத்தென்ற செருப்புகளைக் கதவோரம் வாங்கி வை. கழற்றுகிறவர்கள் கழற்றட்டும், கழற்றிய காலுக்கு உடனே ஒன்றைக் கொடு. மரியாதையும் கெடாது, பாதமும் கெடாது. இது எனக்கு எங்கிருந்து வந்த ஞானம் என்கிறாயா? எல்லாம் உங்கப்பாவிடம் மல்லுக்கட்டித்தான்.

உங்கப்பா செருப்போடு லாரியில் ஏறி நீ பார்த்திருக்கிறாயா? நானும் பார்த்ததில்லை. ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றிப் பக்கவாட்டுப் பெட்டியில் போடுவார். ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் ஆஞ்சநேயரைத் தொட்டுக் கும்பிடுவார். அப்புறம்தான் சாவியைத் திருப்புவார். நம் பக்கத்து டிரைவர்கள் பலருக்கும் இதே வழக்கம்தான். கேட்டால், "பொழப்புத் தர்ற எடத்துல செருப்பா?" என்பார். இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லும்போது முகமே மாறும். "வெறுங்காலுல மிதிச்சாத்தான் வண்டி என்ன சொல்லுதுன்னு தெரியும்." ஐதராபாத் தாண்டி எந்த மேட்டில் வண்டி முனகும் என்று பாதத்தால் சொல்வார். சர்க்கரை வந்த பிறகும் அந்தப் பாதத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை குறையவில்லை. எனக்கும்தான்.

நாக்பூர் லோடு இறக்கிவிட்டு வந்த அன்று நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் என் கண்ணால் பார்த்ததை நீ கேட்டதில்லை. கூடத்து டைல்ஸில் உங்கப்பா நடந்து போன வழியெல்லாம் ஒரு காலுக்கு மட்டும் ஈரத் தடம். "காலத் தொடச்சுட்டு வந்தா என்னங்க, இப்பத்தான் தரையத் தொடச்சேன்" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்து, "நான் காலே கழுவலியே அம்மிணி" என்றார். உட்கார்ந்து பாதத்தைத் திருப்பினார். கட்டை விரலுக்குக் கீழே பெரிய கொப்புளம் உடைந்து தோல் தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் சூடு. போகும்போது பட்டதா, வரும்போது பட்டதா, அவருக்கே தெரியவில்லை. "அட, எப்ப ஆச்சு இது?" என்று சிரிக்கிறார்! "வலிக்கவே இல்ல, இதப் போயி பெருசா" என்கிறார். நான் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன். மத்தியானத்துக்குள் பஸ் ஏறி வந்து நின்றாய்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர் காலை எடுத்து உன் மடியில் வைத்தாய். அவர் நெளிந்தார். பிறகு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிற அந்த மெல்லிய நைலான் கம்பியை எடுத்து, "கண்ண மூடிக்கோங்கப்பா, தொட்டா மட்டும் சொல்லுங்க" என்றாய். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நீ தொட்டாய். கட்டை விரலில் தொட்டாய், நடுவில் தொட்டாய், குதிகாலில் தொட்டாய். அவர் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சீக்கரம் தொடுறா, எத்தன நேரம் கண்ண மூடிட்டு இருக்கறது" என்றார். நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய்.

அதற்குப் பிறகு நீ பட்ட பாட்டை ஊரே பார்த்தது. சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப் போனது, ரத்த ஓட்டம் பார்த்தது, மருந்து, கட்டு, அந்தக் காலை ஊன்றவே கூடாது என்று அவரைக் கட்டிலோடு கட்டிப் போடாத குறையாக உட்கார வைத்தது. சேலத்தில் வேலையை முடித்துவிட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கட்டு மாற்றினாய். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைக்க நான் குண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, மரத்த காலுக்குச் சூடு தெரியாமல் வெந்துபோகும் என்று நீ போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. புண் சுருங்கிச் சுருங்கி, ஒரு நாள் மூடியே போனது. அன்றைக்குப் பாயசம் வைத்தேன். சர்க்கரை இல்லாத பாயசம். அதை மனிதர் சாப்பிடுவாரா? ஆனாலும் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம் நாம். அடுத்த வாரம் நீ அந்தப் பூட்ஸைக் கொண்டு வந்தாய். உள்ளே தையலே இல்லாமல், பஞ்சு மாதிரி, விரலெல்லாம் மூடுகிற மாதிரி, உங்கப்பா காலுக்கென்றே அளவெடுத்துச் செய்தது. அவர் தட்டில் சோறு போட்டிருந்தேன். பூட்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதப் போட்டுட்டு வண்டி எடுக்கலாமா?" என்றார். நீ சொன்னாய்: "நடக்கறதுக்குத்தானுங்கப்பா. வண்டி இனி ஓட்டக் கூடாதுங்க. பிரேக்க எவ்வளவு அமுக்கறீங்கன்னு உங்க பாதத்துக்கே தெரியாது." அவர், "நான் ஸ்டேரிங் புடிச்சப்ப நீ பொறக்கவே இல்லடா" என்றார். நீயும் விடவில்லை. "எதுத்தாப்பல வர்றவனுக்கும் ஊடு, புள்ளகுட்டி இருக்குதுங்கப்பா" என்றாய். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நீ சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. சொன்ன இடம்தான் சோற்றுத் தட்டுக்கு முன்னால். நாளையிலிருந்து உன்னிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் இப்படி ஏதாவது ஒன்றை நீ சொல்ல வேண்டி வரும். வயலுக்கு வெறுங்காலோடு போகாதீர்கள் என்பாய், பிடித்த செருப்பைத் தூக்கி எறியுங்கள் என்பாய். அவர்கள் காதில் அது வேறு மாதிரி விழும். அன்று ராத்திரி உங்கப்பா என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "பையன் என்னைய முடியாதவன்னு சொல்லிப்போட்டான் அம்மிணி." அவ்வளவுதான். அதற்குப் பிறகு உன் பேச்சையே எடுக்கவில்லை. உன் போனையும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் விஜயவாடாவுக்கு லோடு ஒத்துக்கொண்டார். நாளைக்குத்தான் உன் திறப்பு விழா என்று தெரிந்தேதான். நான் சண்டை போட்டேன். "நீங்க வண்டிய எடுத்தா நானும் ஏறி உக்காந்துக்குவேன், விஜயவாடாவுல போயி மாவு ஆட்டறேன்" என்றேன். சிரிக்கக்கூட இல்லை. உன் அறையைப் பார்க்க வந்த அன்று நான் இதையெல்லாம் உன்னிடம் சொல்லவில்லை. நீயும், "அப்பா வருவாரா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் நாற்காலியைத் துடைக்கப் போய்விட்டாய்.

இனிமேல்தான் சேதி.

இன்று காலையில் வாசலில் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது. லாரி கழுவுகிறார், கிளம்பத்தான் ஆயத்தம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பிடி பிடிக்கலாம் என்று கரண்டியோடு வெளியே போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன். டிரைவர் பக்கத்துப் படியில் நீ கொடுத்த பூட்ஸ் இரண்டும் ஜோடியாக இருக்கிறது. மூக்கில் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஆளுக்கொரு செவ்வந்திப் பூ வேறு. உங்கப்பா சூடத் தட்டோடு நிற்கிறார். புது வண்டிக்குப் பூசை போடுவது போலப் பூட்ஸுக்குப் பூசை போடுகிறார்!

"என்னங்க இது கூத்து?" என்றேன். சிரிப்பு தாங்கவில்லை எனக்கு.

"சாமி இருக்கற எடத்துல போடறதுன்னா சாமிகிட்டக் கேட்டுட்டுத்தான் போடோணும்" என்றார். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டிருந்தார், ஆனால் உதடு துடித்தது. "புதுசு. ரோட்டுல மிதிக்காதது. கேபினுக்குன்னே வெச்சுக்கறேன். பையன் சொன்னதுல பாதியக் கேட்டுட்டேன்னு சொல்லிப்போடு."

பாதி! அந்தப் பாதிக்கே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் மீதிப் பாதி வண்டியை விடுவதாயிற்றே. அவர் சூடம் காட்டினார், ஆஞ்சநேயருக்கும் காட்டினார். படியில் உட்கார்ந்து, நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே பூட்ஸுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் வைத்தார். "சக்கரத்துக்கு அடியில வெப்போமில்ல, அதாட்டந்தான்" என்றார். கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நேரே என் முகத்தைப் பார்த்தபடி வலது காலை வைத்து மிதித்தார். சாறு என் புடவையில் தெறித்தது.

அப்படியே நின்றார். குனிந்து பார்க்கவில்லை.

"அம்மிணி, நசுங்கிருச்சா?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை. "நசுங்கிருச்சுங்க" என்றேன். அப்போதுதான் குனிந்து பார்த்தார். காலை எடுத்துவிட்டு, சப்பையாகக் கிடந்த பழத்தை வெகு நேரம் பார்த்தார். நிமிர்ந்து கேபினைப் பார்த்தார்.

"பிரேக்கும் இப்பிடித்தான் இருக்குமில்ல?" என்றார்.

படியில் உட்கார்ந்துகொண்டார். இன்னொரு பழம் அங்கேயே கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே போனை எடுத்து, மாற்று டிரைவராக வருகிற மாணிக்கத்தைக் கூப்பிட்டார். "மாணிக்கம், நாளைக்கு விஜயவாடா நடைக்கு நீ ஏறிக்க. நான் வரல. என்ற மகன் சேலத்துல கால் ஆசுபத்திரி தொறக்கறான், போவோணும். வண்டியப் பாத்து ஓட்டு. இனி நீதான் ஓட்டோணும்." அந்தக் கடைசி வார்த்தையை மாணிக்கத்திடம் சொல்லும்போதுதான் நானும் கேட்டேன். அவர் குரல் உடையவில்லை. நான்தான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, தெருவென்றும் பார்க்காமல் அழுதேன். சந்தோஷம்டா! அத்தனை சந்தோஷம்! அந்த மனிதர் இரண்டு காலோடும் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், எந்த ரோட்டில் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது, நாளைக்கு உன் வாசலுக்கு வருகிறார்.

பிறகு சாவியை என் கையில் கொடுத்தார். உனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"மொத ஆளா என்ற காலப் பாக்கச் சொல்லு. பேரு எழுதறப்ப அப்பான்னு எழுத வேண்டாம். என்ன தொழில்னு கேப்பானில்ல, அந்த எடத்துல டிரைவர்னு எழுதச் சொல்லு."

அப்படியே எழுதிவிடு, சாமி.

அம்மா